யாழ்ப்பாணத்தில் கற்ற விளக்குப் பாடம்



பயணம் புறப்படுகிற ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றை மறந்துவிட்டுப் போவார்கள். சிலர் மருந்தை மறப்பார்கள், சிலர் மூக்குக் கண்ணாடியை மறப்பார்கள். நான் எதையும் மறக்கவில்லை என்ற பெருமையோடுதான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். செல்போன் இருந்தது, சார்ஜர் இருந்தது. போதாததற்கு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தெருவோரக் கடையில் வாங்கிய ஒரு ‘பவர் பேங்க்’கும் இருந்தது. சோப்புக் கட்டி அளவுள்ள அந்தப் பெட்டியின் மேல் ‘30,000’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. “ஒரு வாரத்துக்குக் கவலையே இல்லை பாய்” என்று கடைக்காரர் சொன்னார். நானும் நம்பினேன்.

நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரக் கடல் பயணம். காங்கேசன்துறையில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் நகருக்கு வந்து சேர்ந்தபோது அஸருடைய நேரம். என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். முகவரியும் தொலைபேசி எண்ணும் செல்போனுக்குள் இருக்கின்றன. செல்போனோ அணைந்து கிடக்கிறது. ஒரு வாரம் தாங்கும் என்ற பவர் பேங்க் ஒரு வேளையைக் கூடத் தாங்கவில்லை.

சோனகத் தெருப் பக்கம் நடந்து, ஒரு பள்ளிவாசலில் ஒளூச் செய்து அஸர் தொழுதேன். தொழுது முடித்ததும் சுவரில் ஒரு பிளக் துளை கண்ணில் பட்டது. அங்கேதான், சகோதரிகளே, நான் இரண்டு தவறுகளை ஒரே நேரத்தில் செய்தேன்.

இரண்டு தவறுகள்

இலங்கையில் இப்போது வீடுகளில் உள்ள பிளக் துளைகள் பெரும்பாலும் சதுரத் துளைகள். மூன்று தட்டையான கால்கள் கொண்ட 13 ஆம்பியர் பிளக்தான் அதற்குப் பொருந்தும். நம் தமிழ்நாட்டுச் சார்ஜருக்கு உருண்டையான இரண்டு கால்கள். அதை வைத்து அழுத்தினால் உள்ளே போகாது. உள்ளே ஒரு மூடி தடுக்கும். மேலே உள்ள மூன்றாவது துளையில் எதையாவது குத்தினால் அந்த மூடி திறக்கும் என்பது எனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேல் துளையில் செருகி, சார்ஜரை உள்ளே தள்ளினேன். ஒரு பொறி பறந்தது. செல்போன் உயிர் பெற்றது.

அருகில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். சுவிட்சை அணைத்தார்.

“மௌலவி, பேனையை எடுங்கோ. போன கிழமைதான் ஒரு சின்னப் பிள்ளை அப்பிடிச் செய்யப் போய் நான் ஏசினனான்” என்றார். பிறகு மெல்லிய குரலில், “கேட்டனீங்களோ?” என்றும் கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் மதரஸாவில் பிள்ளைகளுக்கு வக்ஃபுச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறவன். பள்ளிவாசலின் விளக்கைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. தொழுகைக்காக ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அதன் வெளிச்சத்தில் ஒருவர் கிதாபு பார்க்கலாம். ஆனால் பள்ளியின் விளக்கைத் தம் சொந்த வேலைக்காக வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கில் எரிந்த எண்ணெய்க்கும் இந்தக் கம்பியில் வருகிற மின்சாரத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் யாரோ ஒரு ஏழை உண்டியலில் போட்ட காசு. பாடம் நடத்தும்போது நினைவிருந்தது, என் செல்போன் அணைந்தபோது மறந்துவிட்டது.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்ச் சதுரக் கால் பொருத்தி ஒன்றைக் கொண்டு வந்து, அதில் என் சார்ஜரை மாட்டித் தந்தார். “பயணி தானே, போடுங்கோ. பள்ளிக்காரர் ஒண்டும் சொல்லாயினம். கேட்டுப் போட்டால் மனசுக்கு நல்லம்” என்றார். புறப்படும்போது உண்டியலில் கொஞ்சம் பணம் போட்டேன். ஊர் திரும்பியதும் மதரஸா மாணவர்களிடம் இந்தக் கதையை மறைக்காமல் சொன்னேன். பள்ளியில் சார்ஜ் போடுவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாகம் பொதுவாக அனுமதித்திருந்தால் தாராளமாகப் போடலாம். அனுமதி தெரியாத இடத்தில் ஒரு வார்த்தை கேட்பதுதான் அமானிதம் பேணுகிறவரின் பழக்கம்.

பேனா விஷயத்தில் பெரியவர் ஏன் ஏசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூடி குழந்தைகளின் விரலும் ஆணியும் உள்ளே போகாதிருப்பதற்காக வைத்த காவல். அதைக் குத்தித் திறந்து உருண்டைக் காலைச் செருகினால், அது சரியாகப் பொருந்தாமல் ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். அதோடு, பெரியவர் செய்வதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். நாளை பேனாவுக்குப் பதில் ஆணியை எடுக்கும். இலங்கைக்குப் போகிறவர்கள் சதுரக் கால் பொருத்தி ஒன்றை ஊரிலிருந்தே வாங்கிப் போய்விடுங்கள். சவூதியிலும் பெரும்பாலும் இதே சதுரப் பிளக்தான். உம்ராவுக்கும் அது உதவும்.

ஜாம் போத்தல் விளக்கு

மாணவர் வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய உம்மம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் பவர் பேங்க் வாங்கி ஏமாந்த கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். “கரண்ட் இல்லாமல் சீவிக்கிறதெண்டால் எங்களிட்டக் கேளுங்கோ மௌலவி” என்றார்கள். பிறகு அவர்கள் சொன்னதை நான் மறக்கவே முடியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனது. “ரெண்டு நாளில வந்திடும் எண்டுதான் நினைச்சம்” என்றார்கள். அந்த இரண்டு நாள் ஆண்டுகளாக நீண்டது. போர் முடிந்தது 2009-இல். அதற்கும் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் நாட்டின் பொது மின்வலையோடு குடாநாடு மறுபடியும் முழுமையாக இணைந்தது.

பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ரேடியோவுக்குப் போடுகிற பேட்டரி தடை செய்யப்பட்ட பொருள். அப்போது யாழ்ப்பாணத்துப் பெண்கள் கண்டுபிடித்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. காலியான ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார்கள். சைக்கிள் டியூப் வால்வின் சிறு குழாய்க்குள் திரியைக் கோர்த்து, கம்பியால் போத்தலுக்குள் நிறுத்துவார்கள். சுற்றியுள்ள கண்ணாடி காற்றைத் தடுக்கும். ஒரு சிறு கரண்டி எண்ணெயில் பிள்ளைகள் பாடம் படித்து முடிப்பார்கள்.

ரேடியோவுக்கு வேறு வழி. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றுவார்கள். சக்கரத்தில் உரசுகிற டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். நடுவில் ஒரு சில டயோடுகளை வைத்து அதைச் சரிசெய்து தர ஊரில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பிள்ளை சுற்ற, ஊரே கூடி பி.பி.சி. தமிழோசையில் செய்தி கேட்கும். சுற்றுகிற பிள்ளைக்குக் கை வலித்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும்.

“பக்கத்து வளவு அக்கான்ர தம்பி சுத்துவான். எங்கட ரேடியோ, அவையின்ர சைக்கிள். மதிலுக்கு அங்கால அவை, இங்கால நாங்க” என்றார்கள் உம்மம்மா. அந்த அக்கா ஒரு தமிழ்ச் சகோதரி.

பிறகு அவர்கள் குரல் தாழ்ந்தது. 1990 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்ட நாள். வட மாகாணம் முழுவதிலிருந்தும் 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் விரட்டப்பட்டார்கள். ஐந்து சந்தியில் நிறுத்திச் சோதனை போட்டு நகையையும் பணத்தையும் பறித்துக்கொண்டார்கள். உம்மம்மாவுக்கு அப்போது கையில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை.

“ரேடியோவ அக்காட்டக் குடுத்திட்டு வெளிக்கிட்டன். வாற கிழமை வந்து எடுப்பம் எண்டு.”

வாற கிழமை என்பது இருபது ஆண்டுகளாயிற்று. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் அதே ஜாம் போத்தல் விளக்கை ஏற்றிக் குழந்தைகளை வளர்த்தார்கள். 2010-இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பக்கத்து வளவு அக்கா மட்டும் இருந்தார். அவரும் ஓடித் திரும்பியவர்தான். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே அக்டோபர் 30-ஆம் நாளில், 1995-இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். நாட்களின் கணக்கு அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும்.

அந்த அக்கா முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? “உங்கட ரேடியோவ சாவகச்சேரி மட்டும் துணிக்குள்ள சுத்திக் கொண்டு போனனான். அங்கயிருந்து ஓடேக்க விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றாராம். தன் வீடே போனவர், அயல் வீட்டாரின் ரேடியோவுக்கு மன்னிப்புக் கேட்கிறார். அமானிதம் என்ற அரபுச் சொல் அந்தச் சகோதரிக்குத் தெரியாது. அதன் பொருள் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நல்ல பவர் பேங்க் எது?

மறுநாள் மாணவர் என்னை மின்சார நிலைய வீதிப் பக்கம் அழைத்துப் போனார். நேற்று மின்சாரத்துக்குத் தவித்த ஊரில் இன்று கைத்தொலைபேசிக் கடைகளுக்குக் குறைவில்லை. 2022-இல் இலங்கை முழுவதும் பொருளாதார நெருக்கடி வந்து, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, இந்த ஊர் மக்கள் மற்றவர்களைப் போலக் கலங்கவில்லை என்றார் மாணவர். 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. ஆகவே பவர் பேங்க் இப்போது ஆடம்பரப் பொருள் இல்லை. ஒரு காலத்தில் வீட்டில் அரிக்கன் விளக்கும் தீப்பெட்டியும் வைத்திருந்தது போல வைத்திருக்க வேண்டிய பொருள்.

கடைக்கார இளைஞர் என் 30,000 பெட்டியைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்தே சிரித்தார். அவர் சொன்னதையும் நான் பிறகு விசாரித்து அறிந்ததையும் உங்களுக்காகத் தொகுத்துச் சொல்கிறேன். வீட்டுக்கு வாங்குவது இப்போது பெரும்பாலும் நீங்கள்தானே!

முதலாவது, எடை. மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரிக்குக் கனம் உண்டு. 10,000 எம்.ஏ.எச். உள்ள நேர்மையான பெட்டி ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். 20,000 என்றால் 350 முதல் 450 கிராம் வரை இருக்கும். கையில் பஞ்சு போலிருக்கிற பெட்டியில் 30,000, 50,000 என்று போட்டிருந்தால் அது பொய். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பது நமக்குத் தெரியும். இதுவும் நிறுவை மோசடிதான்.

இரண்டாவது, கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண் உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வரும். அதற்கு வாட் மணி என்று பெயர். வெளியே வரும்போது அது 5 வோல்ட்டாக மாற்றப்படுகிறது. மாற்றும்போது கொஞ்சம் சூடாக வீணாகிறது. ஆகவே 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள செல்போனை 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இரண்டு தடவை நிரப்பாது. ஏறக்குறைய ஒன்றரைத் தடவைதான் நிரப்பும். இது மோசடி இல்லை, இயற்கை. நல்ல கம்பெனிகள் பெட்டியிலேயே சிறிய எழுத்தில் உண்மையில் வெளியே தரும் அளவையும் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

இந்த 37 வாட் மணியை உம்மம்மாவின் டைனமோவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சைக்கிள் டைனமோ ஏறக்குறைய 3 வாட் தரும். அந்தச் சிறுவன் பன்னிரண்டு மணி நேரம் ஓயாமல் சுற்றினால்தான் ஒரு சிறிய பவர் பேங்க் நிரம்பும்! நாம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவது ஒரு பிள்ளையின் ஒரு நாள் உழைப்புக்குச் சமம். ஒன்றுக்கும் உதவாத காட்சிகளைப் பார்த்து அதை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தேவை. வீட்டை விட்டு ஒரு நாள் வெளியே போகிறவருக்கு 10,000 போதும். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊரில் குடும்பத்துக்கு ஒரு 20,000 வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வாங்குவது பாரமும் வீண் செலவும். இந்தியாவில் வாங்கினால் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பேங்குக்கு அது கட்டாயம்.

நான்காவது, வயர். நல்ல பெட்டி வாங்கி மலிவான வயர் போட்டால், பெரிய தொட்டிக்குச் சின்ன குழாய் வைத்தது போல. சார்ஜ் மெதுவாக ஏறும், வயர் சூடாகும். தோல் உரிந்து உள்ளே கம்பி தெரியும் வயரை டேப் சுற்றிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். இப்போது புதிய செல்போன்கள் பெரும்பாலும் ‘டைப் சி’ துளையோடு வருகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2024 டிசம்பர் இறுதியிலிருந்தும், சவூதி 2025 ஜனவரியிலிருந்தும் அதையே பொதுவாக்கிவிட்டன. ஆகவே டைப் சி உள்ளதாக வாங்கினால் ஒரே வயர் வீட்டில் எல்லோருக்கும் உதவும்.

ஐந்தாவது, மேலே சின்ன சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க். யாழ்ப்பாணத்து வெயிலைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. கடைக்காரர் கணக்குச் சொன்னார். அந்த உள்ளங்கைத் தகடு நல்ல வெயிலிலேயே ஒரு வாட் அளவுதான் தரும். 37 வாட் மணி நிரம்ப ஒரு வாரம் ஆகும். அதோடு லித்தியம் பேட்டரியை வெயிலில் காயவைப்பதே ஆபத்து. சூரியனிடம் வாங்க வேண்டுமென்றால் தகடு தனியாக, பெரிதாக இருக்க வேண்டும். பேட்டரி நிழலில் இருக்க வேண்டும்.

தூங்கும்போது தீயை அணையுங்கள்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு தீப்பிடித்து எரிந்தது. அந்தச் செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இந்தச் செய்தி உள்ளது. எலி வந்து விளக்குத் திரியை இழுத்துப் போய் வீட்டைக் கொளுத்திவிடக் கூடும் என்று காரணமும் சொன்னார்கள்.

நம் வீட்டில் இன்று திரி விளக்கு இல்லை. ஆனால் தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் செல்போன் இருக்கிறது. பஞ்சு மெத்தையின் மேல் இரவெல்லாம் பிளக்கில் தொங்கும் பவர் பேங்க் இருக்கிறது. சூடு வெளியேற வழியில்லாமல் பஞ்சு மூடிக்கொண்டால், பழுதான பேட்டரிக்குத் தீப்பிடிக்க வேறு எதுவும் வேண்டாம். அதன் அருகில் நம் குழந்தை உறங்குகிறது. அந்த ஹதீஸ் இன்றைக்கும் நம்மைப் பார்த்தே பேசுகிறது.

ஆகவே மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், நாம் விழித்திருக்கும்போது சார்ஜ் போட்டு முடித்துவிடுங்கள். வெறும் தரையிலோ மேசையிலோ வையுங்கள். அடுப்பு மேடை, ஈரமான இடம், பூட்டிய கார் ஆகியவை ஆகாது. படுக்கப் போகும்போது துஆ ஓதுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி அளவு சார்ஜோடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடைக் காலத்தில் தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை வெயிலில் காயவைத்தும், துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டும் இன்னும் சில நாள் ஓட்டியதாக உம்மம்மா சொன்னார்கள். அந்தக் காலத்துப் பேட்டரிக்கு அது நடந்தது. இன்றைய லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ சூடாக்கினாலோ அது தீயாக வெடிக்கும். உங்கள் செல்போனோ பவர் பேங்கோ வயிறு உப்பியது போல் தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத வெளியிடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் ஒப்படையுங்கள்.

உம்ராவுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் பவர் பேங்கை வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவாக 100 வாட் மணிக்குள் இருந்தால் அனுமதிப்பார்கள், 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட் மணி, ஆகவே கவலையில்லை. அளவு அச்சிடப்படாத பெட்டியைப் பறித்து வைத்துக்கொள்வார்கள். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான். அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. மற்ற விமானங்களிலும் விதிகள் இறுகி வருகின்றன. டிக்கெட் எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிலுக்கு மேல் ஒரு கை

நான் புறப்படுவதற்கு முந்தின இரவு, உம்மம்மாவின் தெருவில் மின்சாரம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் பிள்ளையின் குரல் கேட்டது. “உம்மம்மா, நாளைக்குச் சோதினை. போனில சார்ஜ் இல்லை, நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான்.” பக்கத்து வளவு அக்காவின் பேத்தி.

உம்மம்மா மேசையிலிருந்த பவர் பேங்கை எடுத்தார்கள். வீட்டில் அது ஒன்றுதான். பேரன் தயங்கி, “எங்களுக்கும் வேணுமெல்லோ உம்மம்மா?” என்றார்.

“எங்களுக்கு விளக்கு இருக்கு” என்றார்கள் உம்மம்மா. மதிலுக்கு மேல் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்து ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் நாங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிட்டோம். எழுந்து படுக்கப் போகும்போது அதை ஊதி அணைக்கவும் அவர்கள் மறக்கவில்லை.

குர்ஆனின் 107-ஆவது அத்தியாயத்துக்கு ‘அல்மாஊன்’ என்று பெயர். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களையும் பிறருக்குக் காட்டுவதற்காகத் தொழுபவர்களையும் கண்டித்துவிட்டு, அற்பமான புழங்கு பொருளைக்கூடக் கொடுத்துதவ மறுப்பவர்களைக் கண்டித்து அந்த அத்தியாயம் முடிகிறது. மாஊன் என்றால் அண்டை வீட்டார் இரவல் கேட்கும் வாளியும் சட்டியும் போன்ற பொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் சொன்னார்கள். இருபது ஆண்டுகளாக இந்த அத்தியாயத்துக்குப் பாடம் நடத்துகிறேன். வாளியையும் சட்டியையும் தாண்டி என் புத்தி போனதில்லை. அந்த இரவில்தான், இந்தக் காலத்து மாஊன் எது என்று ஒரு மதிலின் மேல் பார்த்தேன்.

சகோதரிகளே! இன்று உங்கள் வீட்டில் இருக்கும் சார்ஜரையும் பவர் பேங்கையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வயர் உரிந்திருக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறதா? பிளக் ஆடுகிறதா? சரிசெய்யுங்கள். அது உங்கள் பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்பு. பிறகு, மின்சாரம் போன இரவில் அடுத்த வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டுங்கள். அந்த வீட்டில் எந்த மார்க்கத்தார் இருந்தாலும் சரி, “சார்ஜ் இருக்கிறதா?” என்று கேளுங்கள்.

நம் வீடுகளைத் தீயிலிருந்தும், நம் உள்ளங்களைக் கஞ்சத்தனத்திலிருந்தும் அல்லாஹ் காப்பானாக! ஊரிழந்தவர்களுக்கு ஊரையும், விளக்கிழந்தவர்களுக்கு விளக்கையும் அவன் திருப்பித் தருவானாக! ஆமீன்.